முழங்காலின் கண்

ஸுஜூதுக்குச் செல்லும்போது முதலில் தரையில் படவேண்டியது முழங்காலா, கைகளா என்ற வினா, நம் இமாம்களிடையே பல நூற்றாண்டுகளாகப் பேசப்பட்டு வருவதாகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைகளுக்கு முன் முழங்கால்களை வைத்ததை வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) அறிவிக்கிறார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பிலோ, ஒட்டகம் மண்டியிடுவதுபோல் மண்டியிட வேண்டாம், முழங்கால்களுக்கு முன் கைகளை வையுங்கள் என வந்துள்ளது. ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபினர் முன்னதைக் கைக்கொள்கின்றனர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் வழி பின்னது. சட்டத்தை ஆராய்வது ஈண்டு என் நோக்கமன்று. அவ்விவாதத்தினூடே எழுந்த ஓர் உடற்கூற்று வினாவே என்னைக் கவர்ந்தது. ஒட்டகத்தின் முழங்கால் எங்கே இருக்கிறது?

ஒட்டகம் படுக்கையில் முன்னங்கால்களையே முதலில் மடக்குகிறது. விலங்குகளின் முழங்கால் முன்னங்காலில் உள்ளது. ஆதலால் ஒட்டகம் முழங்காலையே முதலில் ஊன்றுகிறது. மனிதன் அதனைப் போலச் செய்யலாகாது. இது ஹிஜ்ரி 321-ல் மறைந்த இமாம் தஹாவீ (ரஹ்) தரும் விளக்கம். ஹிஜ்ரி 751-ல் மறைந்த இப்னுல் கய்யிம் (ரஹ்) இதனை ஏற்கவில்லை. முன்னங்கால் விலங்கின் கையாகும். முழங்கால் பின்னங்காலிலேயே உண்டு. தஹாவீ கூறுவதை மொழியறிந்தோர் அறியார் என்பது அவர் வாதம். ஆயினும் ஹிஜ்ரத்தின்போது பின்தொடர்ந்து வந்த ஸுராக்காவின் குதிரைக்கு, முன்னங்கால்கள் 'முழங்கால்வரை' மண்ணில் புதைந்தன என்று புகாரீயில் காண்கிறோம். லிஸானுல் அரப் என்னும் பேரகராதியும் ஒட்டகத்தின் முழங்காலை அதன் முன்னங்காலிலேயே வைக்கிறது.

மொழிவழக்கு அவ்வாறிருக்க, எலும்பு என்ன சொல்கிறது? ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி ஆட்டைப் பிரித்த எந்த வீட்டாரும் இதற்கு விடை காணலாம். பின்னந்தொடை எலும்பு முடியுமிடத்தில், ஏறக்குறைய வயிற்றை ஒட்டினாற்போல, நாரில் பதிந்த சிறு சில்லு ஒன்று கையில் அகப்படும். முன்னங்கால் முட்டியைப் பிரித்தால் அச்சில்லு இராது. சிற்றெலும்புகள் இரு வரிசையாய் அடுக்கியிருக்கும். நம் மணிக்கட்டின் அமைப்பும் அதுவே. ஆட்டுக்கும் குதிரைக்கும் ஒட்டகத்துக்கும் நாம் முன்னங்கால் முட்டி என்று காட்டுவது உண்மையில் மணிக்கட்டு. சொல்லில் தஹாவீயும் எலும்பில் இப்னுல் கய்யிமும் வென்றார்கள் என்பது என் துணிபு.

அச்சில்லுக்கு அரபியில் 'ரழ்ஃபா' என்று பெயர். கி.பி. 1025 அளவில் நிறைவுற்ற 'கானூன்' என்னும் மருத்துவ நூலில் இப்னு ஸீனா அதனை 'ஐனுர் ருக்பா', அதாவது முழங்காலின் கண், என்றும் வழங்குகிறார். தொடையெலும்பின் இரு புடைப்புகள் கீழெலும்பின் குழிவுகளில் பொருந்துவதையும், பக்கத்திலும் ஆழத்திலும் உள்ள பிணைப்பு நார்கள் அவற்றை இறுக்குவதையும் சொல்லிவிட்டு, மண்டியிடுகையில் மூட்டு பிசகாமல் காப்பதே சில்லின் பயன் என்கிறார். ஜாலீனூஸ் முதலிய கிரேக்கர் இட்ட அடித்தளம்தான் அது. எனினும், நாள்தோறும் தரையில் மண்டியிட்ட சமுதாயத்தவர் அன்றோ அவர்! காவலைக் கண்ட இப்னு ஸீனா நெம்புகோலைக் காணவில்லை. தொடைத் தசையின் நாரை மூட்டின் அச்சிலிருந்து சற்றே விலக்கிப் பிடித்து, அத்தசையின் இழுவிசையைப் பெருக்குவதும் அச்சில்லே.

முழங்காலைக் கதவின் கீல் போன்றதாகவே நெடுங்காலம் எண்ணினர். 1836-ல் ஜெர்மானியச் சகோதரர்களான வில்ஹெல்ம் வேபரும் எடுவர்ட் வேபரும் மனித நடையைப் பற்றி எழுதிய நூலில் வேறொன்றைக் காட்டினர்: தொடையெலும்பு கீழெலும்பின்மேல் உருள்கிறது, உடன் வழுக்கவும் செய்கிறது. வெறுமனே உருண்டால் மடக்கி முடிக்குமுன் பின்புறமாய் நழுவி விழுந்திருக்கும். உருளுந்தோறும் முன்னோக்கி வழுக்குவதால் தன்னிடத்தில் தங்குகிறது. மூட்டின் நடுவே குறுக்கும் மறுக்குமாகச் செல்லும் இரண்டு நார்களே இதனை நடத்துகின்றன. கால் முழுதும் நீளும் தறுவாயில் கீழ்க்கால் சிறிது வெளிப்புறம் திருகிப் பூட்டிக்கொள்கிறது. கியாமில் நெடுநேரம் நிற்பவரின் தொடைத் தசை அயராமலிருப்பது இப்பூட்டினால்தான். ருகூவுக்குப் பின் முழங்காலை மடக்கத் தொடங்குகையில், பின்புறத்துச் சிறுதசை ஒன்று அதனைத் திறந்துவிடுகிறது.

நாற்காலியில் அமர முழங்கால் 90 பாகை மடங்கினால் போதும். அத்தஹிய்யாத் இருப்புக்கும் குந்துவதற்கும் 150 பாகையை நெருங்க வேண்டும். எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் மணிலாக் கொல்லையில் களையெடுக்கும் பெண்கள் பொழுதெல்லாம் அந்நிலையிலேயே நகர்ந்து வேலை செய்கின்றனர்.

மேனாட்டுச் செயற்கைக் கால்கள் இதனை எண்ணிச் செய்யப்பட்டவையல்ல. சப்பாத்து அணிந்து நாற்காலியில் அமர்வோருக்கானவை. அவற்றைப் பெற்ற நம் நாட்டு ஏழைகள் பலர் மூலையில் போட்டுவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பினர். ஜெய்ப்பூரின் ஸவாய் மான்சிங் மருத்துவமனையில் 1960-களின் இறுதியில், கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் ரப்பரால் ஒரு பாதம் செய்தனர். வெறுங்காலாகவே நடக்கலாம், குந்தலாம், சம்மணமிடலாம். 1981-ல் மகஸேஸே விருது மருத்துவருக்குக் கிடைத்தது. கைவினைஞரின் பெயரை அறிந்தோர் சிலரே!

பாதம் கிடைத்தும், தொடையில் கால் துண்டிக்கப்பட்டோருக்கு முழங்கால் கிடைக்கவில்லை. ஓர் அச்சில் மட்டும் சுழலும் கீல், நடையின் நடுவே எதிர்பாராமல் மடங்கி ஆளை வீழ்த்திவிடும். 1975-ல் ஜெய்ப்பூரில் நிறுவப்பட்ட பகவான் மஹாவீர் விகலாங் ஸஹாயதா ஸமிதியுடன் சேர்ந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் 2008-ல் புதிய மூட்டொன்றை உருவாக்கினர். தானே உயவிட்டுக்கொள்ளும் எண்ணெய் ஊறிய நைலானால் ஆனது. ஏறக்குறைய 20 டாலர் செலவில் செய்யத்தக்கது. நான்கு தண்டுகளைப் பிணைத்த அமைப்பாதலால் அதன் சுழல்மையம் ஓரிடத்தில் நில்லாது நகர்கிறது. நம் முழங்காலிலும் இரண்டு எலும்புகளும் இரண்டு குறுக்கு நார்களும் சேர்ந்து நான்கு தண்டுகளாகத்தானே இயங்குகின்றன! நீட்டி நிற்கையில் உறுதி. மடக்கினால் மண்டியிடவும் இடந்தரும். 'டைம்' வார இதழ் 2009-ன் சிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்றாக இதனைக் குறித்தது.

இத்தகைய காலணிந்தவர் ஸுஜூதுக்கு எவ்வாறு இறங்குவார்? உயிருள்ள முழங்காலைப்போல் பாரத்தைத் தாங்கி மெல்ல இறக்கிவிடும் தசை அதில் இல்லை. கைகளை முதலில் ஊன்றுவதே அவருக்கு எளிது. ஹனஃபீ நூல்களும் முழங்காலை முற்படுத்த இயலாதவருக்கு அதனை அனுமதிக்கின்றன. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மத்ஹபிலோ எல்லாருக்கும் அதுவே முறை.