செயலற்ற நிரல் (மரபணு நிரலாக்கம்)

மரபணு நிரலாக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பரிணமிக்கும் கணினி நிரல்களில், நீக்கினாலும் விடை மாறாத பகுதிகள் தாமாகவே சேர்ந்துவிடுகின்றன. இவை செயலற்ற நிரல் எனப்படும். உயிரியலிலிருந்து கடன் பெற்ற இன்ட்ரான் என்னும் பெயரும் வழங்குகிறது. மரபணுவில் இன்ட்ரான்கள் 1977இல் கண்டறியப்பட்டன. அதற்காக ரிச்சர்ட் ராபர்ட்ஸ், பிலிப் ஷார்ப் இருவரும் 1993இல் நோபல் பரிசு பெற்றனர்.

அ + 0 × (இ − 7) என்ற கோவையை மர வடிவில் வரைந்தால் 7 கணுக்கள் வரும். இரு நிரல்களைக் கலக்கும்போது, ஏதோ ஒரு கணுவை அதன் கிளையோடு வெட்டிவிட்டு, மற்றதன் கிளையை அங்கே ஒட்டுவார்கள். (இ − 7) என்ற கிளைக்குள் எங்கே வெட்டினாலும் விடை அ தான். அந்தக் கிளை 95 கணுக்களாகப் பருத்துவிட்டால், மொத்தமுள்ள 99இல் வெட்டு ஆபத்தாகக்கூடிய இடங்கள் 4 மட்டுமே. நன்றாக இயங்கும் நிரலின் செயல்படும் பகுதியில் வெட்டு விழுந்தால் பெரும்பாலும் அது கெட்டுப்போகும். ஆகவே செயலற்ற பகுதி மிகுந்த நிரல்களின் சந்ததியே சேதமின்றித் தப்புகிறது. பீட்டர் ஏஞ்சலின் 1994இல் இவற்றின் பயனைச் சுட்டிக்காட்டினார். பீட்டர் நோர்டினும் வொல்ஃப்காங் பன்சாஃபும் 1995இல் இந்தப் பாதுகாப்பு விளக்கத்தை விரிவாக முன்வைத்தனர்.

பாதுகாப்புக்கு விலை உண்டு. நிரல்கள் பயனின்றி வீங்கி, நினைவகத்தையும் நேரத்தையும் விழுங்குகின்றன. கலப்பினால் புதிதாக எதுவும் கிடைக்காமல் தேடலே தேங்குகிறது. வீக்கத்துக்கு வேறொரு காரணத்தையும் வில்லியம் லாங்டனும் ரிக்கார்டோ போலியும் 1997இல் கூறினர்: ஒரே தகுதியுடைய (அதாவது கணக்கை ஒரே அளவுக்குச் சரியாகத் தீர்க்கும்) நிரல்களில் குட்டையானவற்றைவிட நீளமானவையே மிகப் பல. நிரல்கள் அளவுமீறி வளராதிருக்க, ஜான் கோசா முன்னரே தம் 1992ஆம் ஆண்டு நூலில் மரத்தின் ஆழத்துக்கு 17 என வரம்பு வைத்திருந்தார்.

ஆனாலும் செயலற்ற நிரலைக் குப்பை என்று ஒதுக்கிவிட முடியாது. ஜூலியன் மில்லரின் கார்ட்டீசியன் மரபணு நிரலாக்கத்தில், வெளியீட்டோடு இணையாத கணுக்கள் தகுதியைப் பாதிக்காமல் மாறிக்கொண்டே இருக்கும். பின்னொரு நாள் ஓர் இணைப்பு மட்டும் மாறினால், அங்கே உருவாகிக் கிடந்த பகுதி முழுவதும் ஒரே அடியில் செயலுக்கு வரும். தாய்க்குச் சமமான தகுதியுள்ள சேயையும் ஏற்கும் தேர்வு முறையே இதற்கு வழி திறக்கிறது. ஆராய்ந்த கணக்குகளில், மரபணுக்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் செயலற்றிருந்தபோதுதான் பரிணாமம் மிகச் சிறப்பாக நடந்தது என்று மில்லரும் ஸ்மித்தும் 2006இல் காட்டினர்.

நிரலைக் கட்டளைகளின் வரிசையாக அமைக்கும் நேரியல் மரபணு நிரலாக்கத்தில் மார்க்குஸ் பிராமையரும் பன்சாஃபும் செயலற்ற நிரலின் பயன், இயக்க வேகம் இரண்டுக்கும் இடம் கொடுத்தனர். விடை வரும் பதிவகத்திலிருந்து பின்னோக்கிப் பார்த்து, தேவையான கட்டளைகளை மட்டும் நகலெடுத்து இயக்குவார்கள். இனப்பெருக்கத்துக்குச் செல்வது செயலற்ற வரிகளோடு கூடிய மூல நிரலே.