நிலவின் ஈர்ப்பும் மழையின் வரலாறும்

தை முதல் நாளை உத்தராயணத்தின் தொடக்கமாகக் கொண்டு பொங்கலிட்டு வழிபடுவது தமிழர் மரபு. ஆயினும் ஞாயிறு வடதிசை நோக்கித் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாளிலேயே நிகழ்ந்துவிடுகின்றது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்னர் இவ்விரு நாள்களும் ஒன்றியிருந்தன. அதன்பின் 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் விலகியமையால் இத்துணை இடைவெளி நேர்ந்தது. இதனை அயன சலனம் என்பர் கணிதர்.

இவ்விலகலுக்குப் பெருங்காரணம் நிலவே. பூமியின் இடைப்பகுதி சற்றுப் பருத்தது. அப்பகுதியை நிலவும் ஞாயிறும் ஈர்ப்பதால், சாய்ந்து சுழலும் பம்பரத்தைப்போல் பூமியின் அச்சு 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டமிடுகின்றது. இதனை நியூட்டன் 1687இல் விளக்கினார். இவ்வீர்ப்பில் நிலவின் பங்கு ஞாயிற்றின் பங்கைவிட ஏறத்தாழ இருமடங்காகும்.

அச்சு திரும்பினால் பருவங்களும் மாறுமன்றோ? இவ்வினாவைத் துணிந்து ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் குரோல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். கிளாஸ்கோ நகரில் ஒரு கல்லூரியின் அருங்காட்சியகத்தில் அவர் கடைநிலைப் பணியாளராக இருந்தார். அங்கிருந்த நூலகமே அவருக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று எனலாம். வட நாடுகள் பனியில் புதைந்துகிடந்த பனியூழிகளுக்குப் பூமியின் சுற்றுப்பாதை மாற்றமே காரணம் என்று 1864இல் எழுதினார். பனியூழி நீங்கி 80,000 ஆண்டுகளாயின என்பது அவர் கணக்கு. நிலத்தில் கிடைத்த சான்றுகளோ மிகப் பிந்திய காலத்தைக் காட்டின. எனவே அவர் கொள்கை கைவிடப்பட்டது.

அதனை மீட்டெடுத்தவர் செர்பிய நாட்டுக் கணித அறிஞர் மிலுட்டின் மிலாங்கோவிச். 1914இல் திருமணமாகிச் சொந்த ஊருக்கு வந்திருந்தபோது போர் மூண்டது. பகைநாட்டவர் என்று சிறையிலடைக்கப்பட்டார். அன்றிரவே கைப்பெட்டியிலிருந்த கணக்குத்தாள்களை எடுத்து, நள்ளிரவு கடந்தும் எழுதினாராம். பின்னர் புடாபெஸ்ட் நகரில் தங்க இசைவு பெற்று, அங்குள்ள நூலகத்தில் கணக்கைத் தொடர்ந்தார். பாதையின் நீள்வட்ட வடிவம், அச்சின் சாய்வு, அச்சின் திருப்பம் ஆகிய மூன்றையும் சேர்த்து, 6 இலட்சம் ஆண்டுகளுக்கு வடநிலங்களின் கோடை வெயிலைக் கையாலேயே கணித்தார். அவருடைய பெருநூல் 1941இல் வெளிவந்தது. 1958இல் அவர் மறைந்தபோது அதனை ஏற்றவர் சிலரே.

சான்று இந்தியப் பெருங்கடலின் அடியில் கிடந்தது. அதன் தென்பகுதிச் சேற்றில் புதைந்திருந்த நுண்ணுயிர் ஓடுகளை ஆராய்ந்த ஹேய்ஸ், இம்ப்ரி, ஷாக்கில்டன் ஆகிய மூவரும், 4,50,000 ஆண்டுத் தட்பவெப்ப வரலாற்றில் அவர் கணித்த கால அளவுகளே பதிந்திருப்பதை 1976இல் மெய்ப்பித்தனர்.

பனி மட்டுமன்று, மழையும் இதனுள் அடங்கும். இக்காலத்தில் பூமி ஞாயிற்றை மிக நெருங்குவது சனவரித் தொடக்கத்தில். ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னரோ அந்நெருக்கம் வடபகுதியின் கோடையில் நேர்ந்தது. அதனால் நிலம் மிகுதியாகச் சூடேறி, கடற்காற்றை வலுவாக இழுத்தது. இந்தியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் பருவமழை மிக்கிருந்ததை ஜான் குட்ஸ்பாக் 1981இல் கணக்கிட்டுக் காட்டினார். இன்று மணற்காடாகிய சகாராவில் அன்று ஏரிகளும் புல்வெளிகளும் இருந்தன. மக்கள் மாடு மேய்த்த காட்சிகளை அங்குள்ள பாறை ஓவியங்களில் இன்றும் காணலாம்.

இனி, திங்கள்தோறும் வரும் பௌர்ணமிக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு. இதுவும் வெறும் கற்பனையன்று. பௌர்ணமி, அமாவாசைக்குப் பின்வரும் நாள்களில் பெருமழை மிகுவதாக 1962இல் அமெரிக்க ஆய்வாளர் அறிவித்தனர். 2016இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, வெப்பமண்டல மழையைச் செயற்கைக்கோள் வழியே 15 ஆண்டுகள் அளந்த பதிவுகளைக் கொண்டது. நிலவு உச்சியில் நிற்கும்போது காற்றழுத்தம் சிறிது உயர்ந்து, மழை சற்றே குறைகின்றது என அது கண்டது. அவ்வேறுபாடு நூற்றுக்கு ஒரு பங்கேயாகும்.