பின்னணிப் பாடகியிலிருந்து பாட்டுக்காரிக்கு: தென்னாசிய டிஸ்கோவில் பெண் குரல், 1964–2007

மாவனல்லை, கொழும்பு–கண்டி வீதியில் மகா ஓயாவை ஒட்டிய கடைத்தெரு நகரம். தமிழ் பேசும் முஸ்லிம்களும் சிங்களவரும் நகரில் வாழ, கேகாலை மாவட்டத்தின் இறப்பர்த் தோட்டங்களில் மலையகத் தமிழர் வாழ்கின்றனர். இத்தகைய ஊர்களுக்கு மேலைநாட்டு ஆட்ட இசை பெரும்பாலும் சினிமாப் பாட்டாகவே வந்து சேர்ந்தது. அதைப் பாடிய பெண்ணுக்குத் தன் பாட்டில் என்ன உரிமை இருந்தது, அது எப்படி மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கிளப் பாட்டும் வானொலியும்

1960களின் தமிழ்த் திரையில் குரல்களுக்குள் ஒரு வேலைப் பிரிவினை இருந்தது. கதாநாயகியின் காதலும் கண்ணீரும் பெரும்பாலும் பி. சுசீலாவுக்கு, கிளப் ஆட்டமும் துள்ளலும் எல். ஆர். ஈஸ்வரிக்கு. ‘கறுப்புப் பணம்’ (1964), ‘சிவந்த மண்’ (1969) படங்களில் ஈஸ்வரி பாடியவை இவ்வகையின் உச்சங்கள். திரையில் ஆடிய உடல் வேறொருவருடையது. பாடியவர் முகம் தெரியாது. ஆனால் இலங்கை வானொலியில் படம் இல்லை, பாட்டு மட்டுமே. அறிவிப்பாளர் படத்தின் பெயரோடு பாடியவர் பெயரையும் சொல்வார். கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது போன்றோரின் குரலில் அந்தப் பெயர்கள் கடல் தாண்டித் தமிழகத்துக்கும் போயின. திரை மறைத்த பாடகியை வானொலி அடையாளம் காட்டியது என்பது என் கருத்து.

டிஸ்கோவின் வருகை

1977இல் பாடகி டோனா சம்மர், தயாரிப்பாளர் ஜோர்ஜியோ மொரோடர் கூட்டணி மியூனிக்கில் உருவாக்கிய ‘ஐ ஃபீல் லவ்’, மின்னணுக் கருவிகளால் டிஸ்கோவின் போக்கை மாற்றியது. பெங்களூரில் பிறந்து லண்டனில் இயங்கிய இசைத் தயாரிப்பாளர் பித்து, டீனா சார்ல்சைப் பாடவைத்து 1976இலேயே பிரித்தானியப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தார். அவரே கராச்சியில் பிறந்த நாசியா ஹசனை ‘குர்பானி’ (1980) படத்தில் பாடவைத்தார். பதின்ம வயதிலேயே நாசியா ஃபிலிம்ஃபேர் விருது பெற்றார். மறு ஆண்டு வெளிவந்த ‘டிஸ்கோ தீவானே’ எந்தப் படத்துக்கும் உரியதல்ல. சகோதரர் சோஹெப்போடு அவர் தன் பெயரில் வெளியிட்ட தொகுப்பு. பின்னணிப் பாடகி என்ற நிலையிலிருந்து முதல் பெரிய விலகல் இதுவே.

மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப், 1969இல் சென்னை இரவு விடுதியொன்றில் பாடத் தொடங்கியவர். பட்டுப்புடவையும் பெரிய பொட்டுமாக மேடையேறி, கிளப் பாடகி இப்படித்தான் இருப்பாள் என்ற சினிமாப் படிமத்தை உடைத்தார். ‘டிஸ்கோ டான்சர்’ (1982) படத்தில் பப்பி லஹிரியின் இசையில் அவரும் பாடினார். அதே படத்தின் ‘ஜிம்மி’ பாடலைப் பாடியவர் ட்ரினிடாட்டைச் சேர்ந்த பார்வதி கான். பாட்டு சோவியத் நாடு வரை ஒலித்தது. பெயர் நின்றதோ நடிகர் மிதுனுக்கும் இசையமைப்பாளருக்கும்.

இலங்கையில்

1977இன் திறந்த பொருளாதாரம் கசெட்டையும் பிளேயரையும் எளிதாக்கியது. 1982இல் ரூபவாஹினி வந்தது. சிங்களப் பொப்பும் பைலாவும் ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. தமிழ்ப் பொப்பில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் என ஆண் பெயர்களே முன்னின்றன. பெண் குரலின் திருப்பம் புலம்பெயர் மண்ணில் நேர்ந்தது.

‘ஜிம்மி’யின் மறுபிறப்பு

லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரால் லண்டன் திரும்பிய மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் ‘கலா’ தொகுப்பை வெளியிட்டார். தொகுப்பின் பெயர் அவருடைய தாயினுடையது. அமெரிக்க விசா சிக்கலால் பல நாடுகளில் பதிவான தொகுப்பு இது. தமிழகத்தின் உறுமி மேளமும் இதில் ஒலிக்கிறது. இதில் ‘ஜிம்மி’யை அவர் மீண்டும் பாடினார்: மெட்டு பழையது, சொற்கள் அவருடையவை.

முடிவு

நாசியா, பார்வதி, மாயா மூவரும் இடம்பெயர்வின் பாதைகளில் வந்தவர்கள். இந்தியத் திரையிசையின் வேலைப் பிரிவினைக்கு வெளியே வளர்ந்தது அவர்களுக்கு வாய்ப்பானது. எனினும் மெட்டின் உரிமை கடைசிவரை ஆண் இசையமைப்பாளரிடமே பெரிதும் தங்கியது. பெண்கள் வென்றெடுத்தவை பெயர், முகம், சொல் ஆகிய மூன்றுமே. அவையும் அந்த வரிசையில்தான் ஒவ்வொன்றாகக் கைவந்தன.