உயிர் என்றால் என்ன? (நூல்)

ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கர் (1887–1961), 1943 பிப்ரவரியில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவுகளின் நூல்வடிவம்; 1944இல் வெளிவந்தது.

வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிப்படி, தனித்து விடப்பட்ட எந்த அமைப்பும் ஒழுங்கு குலைந்து சமநிலையில் அடங்கும். ஆறிப்போகும் தேநீரைப் போல. உயிர் மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? உணவின் வழியே சூழலிலிருந்து ஒழுங்கை ஈர்த்து, ஒழுங்கின்மையை வெப்பமாகவும் கழிவாகவும் வெளியேற்றுகிறது என்றார் ஷ்ரோடிங்கர். ஒழுங்கின்மையின் அளவே என்ட்ரோபி; இப்படி ஈர்க்கப்படும் ஒழுங்கைத்தான் அவர் ‘எதிர் என்ட்ரோபி’ என்று பெயரிட்டார். இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுபோவதே சாவு. மரபுத் தகவல், ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வராத படிகமொன்றில் பதிந்திருக்கும் என்று அதே நூலில் அவர் முன்வைத்த ஊகம், 1953இல் டிஎன்ஏவின் அமைப்பைக் கண்டறிந்த வாட்சனையும் கிரிக்கையும் முன்பே ஈர்த்திருந்தது.

நூலின் துணிச்சலான பகுதி அதன் பின்னுரை. அதில் அவர் கேட்கிறார்: உடல் இயற்கை விதிகளின்படி இயங்கும் எந்திரம். ஆனால் அதை இயக்குபவன் நானே என்றும் உணர்கிறேன். இரண்டும் எப்படி மெய்யாகும்? ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே என்னும் உபநிடதக் கருத்தில் அவர் விடை தேடினார். இது இயற்பியல் தரும் நிரூபணம் அல்ல; தம் சொந்தப் பார்வை என்றே அவரும் முன்வைத்தார்.