தென்னாற்காட்டு மல்லாட்டையும் கல்லீரலின் கொலஸ்ட்ராலும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் செம்மண் மேடுகளில் மானாவாரியாக விளையும் நிலக்கடலையை ஊரார் மல்லாட்டை என்பார்கள். மணிலா என்றும் சொல்வதுண்டு. தென் அமெரிக்காவில் தோன்றிய இந்தப் பயிர் பரவுவதற்கு முன் இங்குள்ள செக்குகளில் பெரும்பாலும் ஆடியது எள். 1850 வாக்கிலும் தென்னாற்காடு மாவட்டம் முழுவதிலும் மல்லாட்டை விளைந்த பரப்பு சுமார் 4,000 ஏக்கர்தான்.

அந்தப் பரப்பைப் பெருக்கியவை பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகள். புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பருப்பு மூட்டைகள் கப்பலேறின. 1879இல் புதுச்சேரி–விழுப்புரம் ரயில் பாதை திறந்தபின் உள்நாட்டு விளைச்சல் துறைமுகம் சேர்வது எளிதானது.

கொலஸ்ட்ராலின் வரலாறும் அதே பிரெஞ்சுச் சோப்பு வேதியியலோடு பின்னிக் கிடக்கிறது. கொழுப்பு காரத்தோடு சேர்ந்து சோப்பாவது எப்படி என்று ஆராய்ந்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரூல், பித்தக்கல்லிலிருந்து கிடைத்த மெழுகு போன்ற வெள்ளைப் பொருளையும் சோதித்தார். அது சோப்பாகவில்லை. மற்ற கொழுப்புகளிலிருந்து வேறான பொருள் என்று 1815இல் அவர் காட்டியதுதான் கொலஸ்ட்ரால்.

அது பித்தத்தில் கிடைத்தது தற்செயல் இல்லை. பித்தத்தைச் சுரப்பது கல்லீரல்; உடலில் கொலஸ்ட்ராலை உண்டாக்குவதிலும் வெளியேற்றுவதிலும் தலைமை அதற்கே. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் கொலஸ்ட்ராலை உடலே தயாரிக்கிறது. சாப்பாட்டிலிருந்து சேர்வது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. செல்களின் சவ்வுக்கும், சில ஹார்மோன்களுக்கும், பித்த அமிலங்களுக்கும் அது வேண்டும். பித்த அமிலங்கள் குடலில் எண்ணெயைச் செரிக்க உதவியபின் பெரும்பகுதி மறுபடி கல்லீரலுக்கே திரும்புகின்றன. கழிந்துபோகும் சிறு பங்கை ஈடுகட்டக் கல்லீரல் மேலும் கொலஸ்ட்ராலைச் செலவழிக்கிறது. உடல் அதைக் கழிக்கும் முக்கிய வழி இதுவே.

கொலஸ்ட்ரால் இருப்பு குறைந்தால் கல்லீரல் இரண்டு வேலை செய்கிறது: உற்பத்தியைக் கூட்டுகிறது; ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து மிதக்கும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகளையும் அதிகமாக்குகிறது. இருப்பு மிகுந்தால் இரண்டையும் தளர்த்துகிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த உணவு இந்த ஏற்பிகளின் வேலையை மந்தமாக்குகிறது, ரத்தத்தில் எல்.டி.எல். தேங்குகிறது. எண்ணெய் டப்பாவில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று அச்சிடுவது உண்மைதான் என்றாலும், எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருப்பதாகச் சொல்லும்படி இல்லை. பார்க்க வேண்டியது கொழுப்பு அமிலங்களின் விகிதம். கடலை எண்ணெயில் நிறைவுற்றவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போவதில்லை. மீதி பெரும்பாலும் ஓலிக், லினோலிக் அமிலங்கள். அந்த வகையில் அது கல்லீரலுக்கு இணக்கமான எண்ணெய்.

அந்த எண்ணெயைத் தரும் பயிருக்கும் சோதனை வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விதை நலிந்து தென்னாற்காட்டு விளைச்சல் சரிந்தது. மொரீஷியஸ் முதலிய இடங்களிலிருந்து புது விதை வந்தபின்தான் பயிர் நிமிர்ந்தது. 1930களில் திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி வேரூன்றியது. குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்து 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2, கொடியாகப் படராமல் கொத்தாக நின்று, சுமார் 105 நாளில் அறுவடைக்கு வந்தது. பெயரில் திண்டிவனத்தைத் தாங்கிய அந்த ரகம் தமிழ்நாட்டைத் தாண்டிப் பல மாநிலங்களில் பல பத்தாண்டுகள் நிலைத்தது. ஒரு சிறு நகர ஆராய்ச்சி நிலையத்துக்கு இது பெரிய சாதனை.

பருப்பின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய். செக்கில் ஆட்டினால் எண்ணெயில் கொஞ்சம் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். மாட்டுக்கு அந்தப் பிண்ணாக்கு நல்ல தீனி. எக்ஸ்பெல்லர் இயந்திரமும் கரைப்பான் ஆலையும் அந்த மிச்ச எண்ணெயையும் பிரித்தெடுத்தன. மரச்செக்குகள் மறைந்து, அண்மையில் மறுபடி தலைகாட்டுகின்றன. மணமும் ருசியும் செக்கெண்ணெய்க்கே உரியவை. கொழுப்பு அமில விகிதத்தில் மட்டும் சுத்திகரித்த கடலை எண்ணெயோடு பெரிய வேறுபாடு இல்லை.

உண்மையான மாற்றம் பாமாயிலோடு வந்தது. 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ரேஷன் கடைகளில் அது மலிவாகக் கிடைக்கிறது. எண்ணெய் வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு அது பெரும் உதவி. ஆனால் அதன் கொழுப்பில் பாதியளவு நிறைவுற்றது; மல்லாட்டை விளையும் ஊர்களிலேயே தாளிப்புக்கு அந்த எண்ணெய் புழங்குகிறது.