தடைக்காலமும் வானவில் டிரவுட்டும்: இங்கிலாந்தில் குளிர்காலத் தூண்டிலின் தோற்றம்

முன்னுரை

டிரவுட் மீனைப் பொய்யீ கொண்டு பிடிப்பது இங்கிலாந்தில் நெடுங்காலம் இளவேனில், கோடைப் பருவங்களுக்குரிய பொழுதுபோக்காகவே இருந்தது. தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் கட்டி, நீர்ப்பூச்சியின் சாயலில் செய்யப்படுவதே பொய்யீ. இன்றோ மீன் இருப்புச் செய்யப்பட்ட ஏரிகள் பலவற்றில் திசம்பர், சனவரி மாதங்களிலும் இத்தூண்டில் வீசப்படுகிறது. சட்டம், அயல் மீனினம், நீர்த்தேக்கம், பொரிப்பகம் ஆகிய நான்கும் கூடியே இப்புதிய பருவத்தை உருவாக்கின என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

இரு நாட்காட்டிகள்

இங்கிலாந்தின் ஆறுகளில் இயல்பாக வாழும் பழுப்பு டிரவுட், பின்பனிக்கு முந்தைய குளிர் மாதங்களில் சரளைப் படுகைகளில் முட்டையிடும். ஆதலால் அக்காலத்தில் அதனைப் பிடிப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டது. கெண்டை முதலிய பிற நன்னீர் மீன்களுக்கு 1878ஆம் ஆண்டுச் சட்டம் மார்ச்சு 15 முதல் சூன் 15 வரை தடைக்காலம் வகுத்தது. செஃபீல்டு நகரத் தூண்டில்காரர்களின் கோரிக்கையை ஏற்று, அந்நகரின் நாடாளுமன்ற உறுப்பினர் முண்டெல்லா இச்சட்டத்தை முன்னெடுத்தார்.

இதன் விளைவாகத் தூண்டிற்காலம் இரண்டாகப் பிரிந்தது. குளிர்காலம் தொழில் நகரங்களின் சங்கத்தாருக்கு உரியதாயிற்று. டிரவுட் பிடிப்போரின் கோல்களோ அப்போது உறையில் கிடந்தன. தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்பு நிலத்து ஆறுகளில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் நிலவுடைமையோடு பிணைந்திருந்தது. ஆல்ஃபோர்டு 1886, 1889ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நூல்கள் மிதக்கும் பொய்யீ முறைக்கு இலக்கணம் வகுத்தன. எனவே இவ்விரு நாட்காட்டிகளையும் மீனின் இனப்பெருக்கத்தைக் கொண்டு மட்டுமன்றி, சமூக வேறுபாட்டைக் கொண்டும் நோக்குதல் தகும்.

அயல் மீனும் நீர்த்தேக்கமும்

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளுக்குரிய வானவில் டிரவுட்டின் முட்டைகள் 1880களில் பிரித்தானியாவை அடைந்தன. இம்மீன் பண்ணையில் விரைந்து வளரும். ஆயினும், பிரித்தானிய நீர்நிலைகளில் தானே இனம் பெருக்கி நிலைகொள்வது மிக அரிது. ஆகவே அதனை மீண்டும் மீண்டும் இருப்புச் செய்ய வேண்டியிருந்தது.

பிரிஸ்டல் நகரின் குடிநீருக்காக அமைக்கப்பட்ட பிளாக்டன் நீர்த்தேக்கத்தில் 1904இல் டிரவுட் பிடித்தல் தொடங்கியது. 1966இல் கிராஃபம் நீர்த்தேக்கமும் திறக்கப்பட்டது. ஒருநாள் சீட்டு வாங்கிய எவரும் ஆற்றங்கரை உரிமையின்றியே டிரவுட் பிடிக்க இயன்றது.

சட்டவிலக்கும் பொரிப்பகமும்

1975ஆம் ஆண்டுச் சால்மன், நன்னீர் மீன்வளச் சட்டம் டிரவுட்டின் தடைக்காலத்திற்குரிய விதியிலிருந்து வானவில் டிரவுட்டை நீக்கி வைத்தது. காக்கவேண்டிய இயற்கை இனப்பெருக்கம் இல்லாத மீனுக்கு அத்தடை பொருந்தாது என்பதே இவ்விலக்கின் உட்பொருள் எனலாம்.

எனினும் ஓர் இடையூறு எஞ்சியது. முதிர்ந்த வானவில் டிரவுட் இனப்பெருக்கப் பருவத்தில் நிறம் கறுத்து, தசை தளர்ந்துவிடும். கருவுற்ற முட்டைக்கு வெப்ப அல்லது அழுத்த அதிர்ச்சி தந்து மூன்று குரோமோசோம் தொகுதிகள் கொண்ட பெண் மீன்களை உருவாக்கும் முறை 1980களில் பண்ணைகளுக்கு வந்தது. இவை முதிர்வதில்லை, குளிரிலும் வெள்ளி நிறம் மாறாதிருக்கும்.

குளிரால் மீனின் வளர்சிதை மாற்றம் குறைந்தாலும் அது இரை தேடுவதை நிறுத்திவிடுவதில்லை. நீர் 4 பாகை செல்சியசில் மிகுந்த அடர்த்தி பெறுவதால், கடுங்குளிரில் ஏரியின் அடிநீர் மேல்நீரைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும். எனவே அமிழும் கயிற்றால் பொய்யீயை ஆழத்திற்கு இறக்கி மெல்ல இழுக்கும் முறை குளிர்காலத்திற்கு உரியதாயிற்று.

முடிவுரை

குளிர்காலத்தில் ஒரே ஏரியில் ஒரே தூண்டிலில் இரு மீன்களும் அகப்படக்கூடும். பழுப்பு டிரவுட்டை நீரில் விட்டாக வேண்டும். வானவில் டிரவுட்டை வீட்டுக்குக் கொண்டுசெல்லலாம். முன்னதன் காலத்தைச் சரளைப் படுகையும், பின்னதன் காலத்தைப் பொரிப்பகமும் வரையறுக்கின்றன. தடைக்காலம் என்பது இயற்கையின் கட்டளை மட்டுமன்று. எந்த மீனை இயற்கைக்கு உரியது எனக் கருதுவது என்னும் சமூகத்தின் முடிவும் அதனுள் அடங்கியுள்ளது என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது.