மாயா நகரங்களைக் கட்டியவர்கள் யார்?

அமெரிக்காவில் வசிக்கும் பிள்ளை, பெண் வீடுகளுக்குச் சென்று சில மாதங்கள் தங்கி வருவது நம் அங்கத்தினர் குடும்பங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. நயாகரா, வாஷிங்டன், பிட்ஸ்பர்க் வேங்கடேஸ்வரர் கோயில் எல்லாம் பார்த்தான பிறகு, ஒரு விடுமுறையில் மெக்ஸிகோவின் கான்குன் நகருக்கு அழைத்துப் போகிறார்கள். கடற்கரைக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர் பஸ்ஸில் சென்றால் சிச்சென் இட்ஸா என்னும் புராதன நகரத்தின் இடிபாடுகளைக் காணலாம். மாயா என்ற இனத்தார் கட்டிய நகரம் அது.

பார்த்துத் திரும்பியவர்களிடம் பேசினால் ஒரு வாக்கியம் பெரும்பாலும் வந்துவிடும். "எல்லாம் நம் மயன் கட்டியதுதான். பெயரே சொல்கிறதே!" பாண்டவர்களுக்கு இந்திரப்ரஸ்தத்தில் சபா மண்டபம் கட்டித் தந்த மயனை மகாபாரதம் வாயிலாக நாம் அறிவோம். 'மயமதம்' என்ற சிற்ப நூலும் அவன் பெயரில் வழங்குகிறது. அந்த மயனே கடல் கடந்து சென்றானா? சரித்திர ஆதாரங்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

கண்ணில் படுவது

சிச்சென் இட்ஸாவில் முதலில் கண்ணைக் கவர்வது குகுல்கான் என்ற இறகுடைய நாகத்தின் கோயில். படிப்படியாக உயரும் பிரமிடின் மேல் கட்டப்பட்டது, சுமார் 30 மீட்டர் உயரம். நான்கு புறமும் தலா 91 படிகள். உச்சி மேடையையும் ஒரு படியாகக் கொண்டால் 365, அதாவது ஒரு வருஷத்தின் நாட்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களை ஒட்டி, மாலை வெயிலில் வடக்குப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் விழும் ஒளியும் நிழலும் ஒரு பாம்பு கீழே இறங்குவது போலத் தோன்றும். அதைக் காண ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். 2006-ஆம் ஆண்டு முதல் பிரமிடின் மேல் ஏற அனுமதி இல்லை. 168 மீட்டர் நீளமுள்ள பந்தாட்ட மைதானம், வான ஆராய்ச்சிக்குரியது என்று கருதப்படும் வட்ட வடிவக் கட்டடம், நேர்ச்சையாகத் தங்கத்தையும் பச்சைக் கல்லையும் மனிதர்களையும்கூட இட்ட இயற்கைக் கிணறு ஆகியவையும் அங்கே உண்டு. 1988-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2007-ல் வெளியான புதிய ஏழு அதிசயப் பட்டியலில் நமது தாஜ்மகாலுடன் இதுவும் இடம் பெற்றது.

இதைவிடப் பழைய நகரங்கள் தெற்கே காடுகளில் இருக்கின்றன. குவாத்தமாலாவில் டிக்கால், ஹோண்டுராஸில் கோபான், மெக்ஸிகோவின் தென் பகுதியில் பலேங்க்கே ஆகியவை முக்கியமானவை. பலேங்க்கேயை கி.பி. 615 முதல் 683 வரை ஆண்ட பகால் என்ற அரசன், பன்னிரண்டு வயதில் பட்டத்துக்கு வந்தவன். நம் காஞ்சியில் மாமல்லன் நரசிம்மவர்மன் ஆண்ட காலமும் அவனுடைய ஆட்சிக் காலத்துக்குள்ளேயே அடங்குகிறது. பகாலின் சமாதியை, ஒரு கோயிலின் அடியில் மண்ணும் கல்லும் இட்டு மூடப்பட்டிருந்த படிக்கட்டைச் சில வருஷங்கள் தோண்டி, 1952-ல் அல்பெர்டோ ரூஸ் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார்.

யானையா, கிளியா?

இந்நகரங்களைக் கட்டியவர்கள் உள்ளூர்க்காரர்களாக இருக்க முடியாது என்ற எண்ணம் நம்மவர்க்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பியரிடமிருந்து தொடங்கியது அது. எகிப்தியர், பினீஷியர், இஸ்ரவேலின் காணாமற்போன கோத்திரத்தார், கடலில் மூழ்கிய அட்லாண்டிஸ் தீவினர் என்று வரிசையாகப் பலருக்கும் இந்தப் பெருமை வழங்கப்பட்டது. பிற்காலத்தில் வேற்றுக் கிரகவாசிகளையும் சேர்த்தார்கள். காட்டோரம் சோளம் பயிரிட்டுக் குடிசையில் வாழ்ந்த மாயா மக்களைப் பார்த்து, 'இவர்கள் முன்னோரா இதைக் கட்டியிருப்பார்கள்?' என்ற அலட்சியமே இதற்கெல்லாம் காரணம்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு கிடைத்தது. வால்டெக் என்ற ஓவியர் 19-ஆம் நூற்றாண்டில் பலேங்க்கே சிற்பங்களை வரைந்தபோது, அங்கே இல்லாத யானைத் தலைகளைத் தம் படத்தில் சேர்த்தார். கோபானில் கி.பி. 731-ல் நிறுவப்பட்ட ஒரு கல்தூணின் மேற்புறத்தில் நீண்டு வளைந்த மூக்குடன் இரு தலைகள் இருக்கின்றன. எலியட் ஸ்மித் என்ற உடற்கூறு நிபுணர், அவை பாகனுடன் கூடிய இந்திய யானைகளே என்று 1915-லும், பிறகு 1924-ல் ஒரு தனிப் புத்தகமாகவும் வாதிட்டார். மற்ற அறிஞர்கள் அப்போதே மறுத்தார்கள். அது துதிக்கையல்ல, அந்தக் காடுகளில் வாழும் பெரிய பஞ்சவர்ணக் கிளியின் அலகு என்றார்கள். பின்னாளில் அத்தூணின் எழுத்துக்களைப் படித்தபோது விவாதம் தீர்ந்தது. அதில் 'பஞ்சவர்ணக் கிளி மலை' என்றே பொறித்திருக்கிறது.

1940-ல் சமன்லால் வெளியிட்ட 'ஹிந்து அமெரிக்கா' என்ற புத்தகம் நம் நாட்டில் இக்கருத்தைப் பரப்பியது. அடிமை நாடாக இருந்த காலத்தில் அப்படி ஒரு பெருமை ஆறுதல் அளித்ததைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆறுதல் வேறு, ஆதாரம் வேறு.

பெயரும் பயிரும்

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். யூகட்டான் தீபகற்பத்தில் வாழ்ந்தவர்களின் மொழிக்கும் நாட்டுக்கும் வழங்கிய பெயர் மாயா. மாயபான் என்ற தலைநகரும் அங்கே இருந்தது. தெற்கே இருந்த கீச்சே போன்ற மக்கள் பழைய நாளில் தங்களை மாயா என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஒரே மொழிக் குடும்பம் என்பதால் அறிஞர்கள் பிற்காலத்தில் எல்லோருக்கும் அப்பெயரைப் பொதுவாக்கினார்கள். பலேங்க்கேயின் பழம்பெயர் லகம்ஹா. அக்குடும்பத்தைச் சேர்ந்த சுமார் 30 மொழிகளுக்கும் ஸம்ஸ்கிருதத்தோடோ தமிழோடோ உறவு நிறுவப்படவில்லை. ஒலியில் ஒத்த இரண்டு பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு கடலைத் தாண்ட முடியாது.

அடுத்து, நம் சமையலறையே சாட்சி சொல்லும். மிளகாய், மக்காச்சோளம், தக்காளி, பப்பாளி, கொய்யா எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்த பிறகே அவை நம் நாட்டில் பரவின. நம் வீடுகளில் சிராத்தச் சமையலில் இன்றும் மிளகாய் சேர்ப்பதில்லை, காரத்துக்கு மிளகுதான். பழைய பழக்கத்தில் மிளகாய்க்கு இடமில்லாமற் போனது அது பின்னால் வந்த பொருள் என்பதால்தான். மறுபுறம், மாயா மக்களிடம் நெல்லோ, பசுவோ, குதிரையோ, வண்டியோ, இரும்புக் கருவியோ இருந்ததில்லை. கல் உளியால்தான் கல்லைச் செதுக்கினார்கள். ஒரு நாட்டு ஸ்தபதிகள் கூட்டமாகச் சென்று குடியேறினார்கள் என்றால், உளியையும் விதை நெல்லையும் விட்டுவிட்டா போயிருப்பார்கள்?

கல்லே சொல்லும் பதில்

எல்லாவற்றையும்விட உறுதியான ஆதாரம் அவர்களுடைய எழுத்து. அத்தி மரப் பட்டையில் செய்த தாளில் அவர்கள் ஏராளமான சுவடிகள் எழுதி வைத்திருந்தார்கள். 1562-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மானி என்ற ஊரில், டியேகோ டி லாண்டா என்ற ஸ்பானியப் பாதிரியார் அவற்றைச் சாத்தானின் வேலை என்று சொல்லிக் குவித்துக் கொளுத்தினார். அதைக் கண்டு மக்கள் மிகவும் துயருற்றார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். இன்று உலகில் எஞ்சியிருப்பவை நான்கு சுவடிகள் மட்டுமே. ஓலைச்சுவடிகள் கரையானுக்கும் ஆற்று வெள்ளத்துக்கும் இரையான கதை அறிந்த நமக்கு இந்த நஷ்டத்தின் கனம் புரியும்.

ஆனால் அதே லாண்டா, மாயா எழுத்துக்களில் சிலவற்றையும் அவற்றின் ஒலிகளையும் தம் குறிப்பில் பதிந்து வைத்திருந்தார். அதைத் துணையாகக் கொண்டு, யூரி க்னோரோஸோவ் என்ற சோவியத் அறிஞர், அவை அசைகளைக் குறிப்பவை என்று 1952-ல் காட்டினார். கல்வெட்டுக்கள் அரசர்களின் பிறப்பு, பட்டாபிஷேகம், போர் முதலிய சரித்திரச் செய்திகளைச் சொல்பவை என்று 1960-ல் டாட்யானா ப்ரோஸ்கூரியாகோவ் என்ற பெண்மணி நிரூபித்தார். இன்று பெரும்பாலான எழுத்துக்களைப் படிக்க முடிகிறது. கட்டியவன் பெயர், அவன் தாய் தந்தையர் பெயர், கட்டிய நாள் எல்லாம் கல்லிலேயே இருக்கின்றன. அந்தக் கல்வெட்டுக்களின் மொழி, இன்று பலேங்க்கே பக்கத்தில் பேசப்படும் சோல், கோபான் பக்கத்துக்குரிய சோர்ட்டி ஆகிய மொழிகளுக்கு நெருங்கிய உறவு. கட்டியவர்கள் யார் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

இந்த எழுத்துக்களைப் படிக்க ஒருவராலும் முடியாத காலத்திலேயே, கண்ணால் கண்டதை வைத்துச் சரியாகச் சொன்னவர் ஒருவர் உண்டு. ஜான் லாயிட் ஸ்டீஃபன்ஸ் என்ற அமெரிக்கர், கேதர்வுட் என்ற ஓவியருடன் 1839-ல் காடுகளுக்குள் சென்றார். எகிப்தையும் நேரில் பார்த்தவர் அவர். இவை எந்த அயல்நாட்டையும் பின்பற்றியவை அல்ல, இந்த மண்ணின் மக்களே கட்டினார்கள் என்று 1841-ல் எழுதினார்.

நமக்கும் அவர்களுக்கும் பொதுவானது

கொடுக்கல் வாங்கல் இல்லாமலேயே இரு நாகரிகங்கள் ஒரே சிகரத்தை எட்டியிருக்கின்றன. அதுவே உண்மையான வியப்பு. நாம் பத்தை அடிப்படையாக வைத்து எண்ணினோம், அவர்கள் இருபதை வைத்து எண்ணினார்கள். புள்ளிக்கு ஒன்று, கோட்டுக்கு ஐந்து. பூஜ்யத்துக்குச் சிப்பி போன்ற ஒரு குறி. இட மதிப்பையும் பூஜ்யத்தையும் அவர்கள் உலகின் மறுகோடியில் தனியாகவே கையாண்டார்கள். சுக்கிரன் உதயாஸ்தமனத்தை 584 நாள் சுற்றாகக் கணித்து அட்டவணை எழுதினார்கள்.

அவர்களுக்கும் பஞ்சாங்கம் போன்ற ஒன்று உண்டு. 13 எண்களும் 20 நாட்பெயர்களும் சேர்ந்து வரும் 260 நாள் சுற்று அது. குவாத்தமாலா மலைப்பகுதியில் நாள் பார்த்துச் சொல்லும் பெரியவர்கள் இன்றும் அதைக் கணக்கிட்டு வருகிறார்கள். 2012 டிசம்பர் 21-ல் உலகம் அழியும் என்று எழுந்த புரளி நினைவிருக்கலாம். அன்று அவர்களுடைய நீண்ட கணக்கில் ஒரு பெரிய சுற்று முடிந்தது, அவ்வளவுதான். அக்ஷய வருஷம் முடிந்து மறுபடி பிரபவ பிறப்பதற்கு நாம் அஞ்சுவதில்லையே!

மாயா மக்கள் திடீரென மறைந்தார்கள் என்பதும் சரியல்ல. 9-ஆம் நூற்றாண்டில் வறட்சி, ஓயாத போர் முதலிய காரணங்களால் தெற்கு நகரங்கள் கைவிடப்பட்டன. மக்கள் வேறு இடங்களில் வாழ்ந்தார்கள். அவர்களுடைய கடைசி ராஜ்யம் 1697-ல்தான் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமற்போனார்கள். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் பேர் மாயா மக்கள் என்று 1999-ல் விசாரணைக் குழு அறிவித்தது. 1992-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற ரிகோபெர்டா மென்ச்சு கீச்சே மாயா பெண்மணி. இன்றும் பல லட்சம் பேர் அம்மொழிகளைப் பேசுகிறார்கள்.

நம் சிற்பமும் நாடகமும் கிரேக்கரிடம் வாங்கிய கடன் என்று 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் சிலர் எழுதியபோது நம் முன்னோர்க்கு எவ்வளவு கோபம் வந்தது! அதே வார்த்தையை நாம் இன்னொருவரைப் பார்த்துச் சொல்வது தர்மமாகாது.

ஆகவே, சிச்சென் இட்ஸா செல்லும் அன்பர்கள் முடிந்தால் மாயா மொழி பேசும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். வெயில் கடுமை, காலையிலேயே போய்விடுவது நல்லது. சோள ரொட்டி தைரியமாகச் சாப்பிடலாம். கூட வரும் கறுப்பு பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு, கேட்டுக்கொள்ளவும். வழிகாட்டியிடம் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணச் சொல்லிக் கேளுங்கள். ஹுன், கா, ஓஷ் என்று சொல்வார். அந்தப் படிகளை எண்ணிக் கட்டியவர்களின் வழிவந்த மொழி அது.